ஆறு மணிக்குச் சண்டை

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், கந்தர்வக்கோட்டைத் துணி வணிகர், பெருமதிப்பிற்குரிய முகம்மது சுல்தான் அவர்களே! கீரனூர் வாசகசாலையைக் கண்போல் காத்து வரும் செயலாளர் அவர்களே! அறிவிற் சிறந்த ஆசிரியப் பெருமக்களே! என்னைவிட வயதில் மூத்த பெரியோர்களே, அப்படி யாராவது வந்திருந்தால்! அன்பின் வடிவான தாய்மார்களே! சிறு வயதில் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டு, இன்னும் என்னை மன்னிக்காமல் தூணோரம் நிற்கும் இளைஞர்களே! எல்லோரையும் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

மேடை எனக்குப் புதிது. முப்பத்தொரு ஆண்டுகள் அரசாங்க மருந்தகத்தில் டாக்டராக இருந்தேன். அங்கே பேசுபவர் நோயாளி, கேட்பவன் நான். இன்று இடம் மாறியிருக்கிறது. உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பின்வரிசையில் கேட்கவில்லையா? மைக்கை நெருங்கச் சொல்கிறார்கள். நெருங்கினால் அது கத்துகிறது. விலகினால் நான் காணாமல் போகிறேன். நடுவில் நிற்கிறேன். என் வாழ்க்கையில் பெரும்பாலும் அங்கேதான் நின்றிருக்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு ‘மருந்தில்லா மனமருத்துவம்’. நான் மனநோய் மருத்துவன் அல்லன். கட்டி கீறுவேன், காய்ச்சலுக்குக் கலவை கொடுப்பேன், பிரசவத்துக்குக் கூப்பிட்டால் நர்ஸ் அம்மாவுக்குப் பின்னால் நிற்பேன். ஆனால் ஓய்வு பெற்றபின் இந்த வாசகசாலைக்கு வரும் மேல்நாட்டு மருத்துவ சஞ்சிகைகளைப் புரட்டி வருகிறேன். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டிலே அங்கே ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. நோயாளியைத் தனியாகப் பார்க்காமல் குடும்பத்தையே ஒன்றாக உட்காரவைத்து வைத்தியம் செய்கிறார்களாம். நோயை நிறுத்து என்று சொல்லாமல், நன்றாக நடத்து என்று சொல்கிறார்களாம். நடுங்குகிறவனை நடுங்கச் சொல்கிறார்களாம். நோயாளி மறுத்துவிட்டுக் குணமாகிறானாம்.

அதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. ஏனென்றால் நானும் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து இத்தனை காலம் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். தவறாக இருந்தாலும் துணைக்கு ஆள் இருக்கிறது என்ற தைரியம்.

முதலாவது சிறியது. ஒரு வியாபாரி வந்தார். மாலையில் கடையைப் பூட்டுவார், நாலு எட்டு நடப்பார், பூட்டினோமா என்று சந்தேகம் வரும், திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். இப்படி ஏழு முறை. நாலு வருடமாக ஏழு முறை. வீட்டுக்குப் போனால் சோறு ஆறியிருக்கும், மனைவி சூடாக இருப்பார். நான் யோசித்தேன். ஏழு முறை பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஏழு போதவில்லை என்றுதானே பொருள்? என் அறிவுக்கு அப்படித்தான் பட்டது. “இருபத்தொரு முறை பாருங்கள். ஒன்றுகூடக் குறையக் கூடாது. குறைந்தால் மறுநாள் நாற்பத்திரண்டு” என்றேன். தந்திரம் என்று நினைக்காதீர்கள், மெய்யாகவே அதுதான் சரியான கணக்கு என்று நம்பினேன். ஐந்தாம் நாள் அவர் வந்து, டாக்டர், எனக்குச் சந்தேகம் போய்விட்டது, உங்கள் வைத்தியத்தை முதலில் நிறுத்துங்கள் என்று கும்பிட்டார்.

தலைவர் அவர்கள் தலையசைக்கிறார்கள். பெயரைச் சொல்லலாம் என்கிறார்கள். அந்த வியாபாரி நம் தலைவர் அவர்கள்தாம். கைதட்ட வேண்டாம், அவர் கூச்சப்படுகிறார்.

இரண்டாவது பெரியது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, ஆடி மாதம். ஆவூருக்குக் கிழக்கே மூன்று மைலில் ஒரு சிற்றூர். அங்கே மைக்கேல்சாமி என்று ஒரு விவசாயி. வயது இருபத்தெட்டு. மானாவாரி நிலம் நாலு ஏக்கர். வீட்டில் மூன்றே பேர்: அவர், விதவையான அவருடைய தாயார் ஜெபமாலையம்மாள், கல்யாணமாகி ஒன்றரை வருடமான மனைவி அடைக்கலமேரி. இந்த மைக்கேல்சாமிக்கு மூன்று மாதமாகக் கால் நிற்கவில்லை. எழுப்பி நிறுத்தினால் ஈரத்துணி போல் மடங்கி விழுந்துவிடுவார். பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் குறையில்லை, நரம்பில் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். குறை இல்லை என்ற சீட்டோடு அவரைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள்.

வெளியே மழை இறங்கிவிட்டது. ஊரெல்லாம் கடலை விதைக்கிறார்கள். இவர் நிலம் உழாமல் கிடக்கிறது. அதைவிடப் பெரிய இடி ஒன்று. அடைக்கலமேரியின் தகப்பனார் சந்தியாகு வந்து, இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வருவேன், அன்றைக்கும் மாப்பிள்ளை எழுந்து நிற்கவில்லை என்றால் என் மகளைக் கூட்டிப் போய்விடுவேன், பிறகு அனுப்ப மாட்டேன் என்று நாள் குறித்துவிட்டுப் போயிருந்தார். சொன்னால் சொன்னதைச் செய்கிற மனிதர் என்று ஊரில் பெயர்.

பத்து நாள் மீதி இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். ஆவூர்க் கோவில் உபதேசியார் ஆரோக்கியமுத்து என்னை அழைத்துப் போனார். அந்தப் பக்கத்தில் வேதபாடம் சொல்லிக் கொடுப்பவர் அவர். நான் கால்களைத் தட்டினேன், கிள்ளினேன், குத்தினேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எழுதிக்கொள்ள ஒன்றுமில்லாமல் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு என்ன குடிக்கக் கொடுப்பது என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. மாமியார் மோர் என்றார். மருமகள் காப்பி என்றார். எனக்கு இரண்டும் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மோர் காப்பியில் தொடங்கி, உப்பு, புளி, கோழிக்கூடு, கல்யாணத்தில் வைத்த சாப்பாடு என்று பேச்சு வளர்ந்தது, வலுத்தது, வெடித்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கட்டில் பக்கம் திரும்பி, “நீயே சொல்லுடா”, “நீங்களே சொல்லுங்க” என்றார்கள்.

மைக்கேல்சாமி கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்திருக்கப் போனார். கால் மடங்கியது. தரையில் விழுந்தார்.

என்ன நடந்தது தெரியுமா? சண்டை நின்றது. மாமியார் தலைப்பக்கம், மருமகள் கால்பக்கம். ஒருவர் எண்ணெய், ஒருவர் வெந்நீர். “மெதுவாப் பிடி ஆத்தா”, “நீங்க சிரமப்படாதீங்க அத்தை.” அப்படி ஓர் அன்பு, அப்படி ஓர் அமைதி! அன்றுவரை நான் பார்த்த ஒற்றுமையான மாமியார் மருமகளில் அவர்களே முதல். என் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்: நாலு பத்துக்குச் சண்டை. நாலு பதினாலுக்கு விழுந்தார். நாலு பதினைந்துக்குச் சமாதானம்.

வலப்பக்கத்தில் ஒரு தம்பி, நடிப்பு என்கிறார். இல்லை, தம்பி. நடிகன் திரை விழுந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போவான். இவருக்குத் திரை விழவே இல்லை. விதைக்கிற மழையைப் படுத்துக்கொண்டே பார்த்துக் கண்ணீர் விடுகிறவன் நடிக்கவில்லை. தாயையும் விட முடியவில்லை, தாரத்தையும் விட முடியவில்லை. வாய் திறந்தால் ஒருத்தி அழுவாள். அதனால் அவருடைய வாய் செய்ய வேண்டிய வேலையை அவருடைய கால் செய்துகொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல்.

சண்டைக்கு வேர் எது என்று உபதேசியாரிடம் கேட்டேன். ஜெபமாலை என்றார். அம்மாள் பெயர் அல்ல, மணி உருட்டிச் சொல்லும் ஜெபமாலை. அந்தக் கத்தோலிக்க வீடுகளில் மாலை ஆறு மணிக்குக் கோவில் மணி அடித்ததும் விளக்கேற்றி, குடும்பமே மண்டியிட்டு, ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்வார்கள். மூத்தவர் முதலடி சொல்ல, மற்றவர்கள் பதிலடி சொல்ல வேண்டும். ஒருநாள் அம்மாள் ஓர் இடத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டார். மருமகள் ஜெபத்துக்கு நடுவிலேயே, “அத்தை, ஒண்ணு கொறையுது” என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குத் தொடங்கியது. அதன்பின் அந்த வீட்டில் ஜெபமும் இல்லை, அமைதியும் இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மாமியாருக்குப் பொறுமையைப் போதித்திருக்கலாம். மருமகளுக்கு அடக்கத்தைப் போதித்திருக்கலாம். மைக்கேல்சாமிக்கு ஆண்மையைப் போதித்திருக்கலாம். மூன்றையும் ஊர் ஏற்கெனவே போதித்திருந்தது. எனக்குப் போதிக்க ஒன்றும் மீதமில்லை. தலைவர் அவர்களுடைய பூட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. சீட்டு எழுதினேன்.

பெண்கள் இருவரும் தினமும் மாலை ஆறு முதல் ஏழு வரை சண்டை போட வேண்டும். மற்ற நேரத்தில் தோன்றுகிற குறையை ஆறு மணிக்கென்று சேர்த்துவைக்க வேண்டும். ஒருவர் சொல்லும்போது மற்றவர் பதில் பேசக் கூடாது. சொன்ன குறையை மறுபடி சொல்லக் கூடாது. மைக்கேல்சாமி அந்த நேரத்தில் அவசியம் விழ வேண்டும். படுத்திருப்பவர் எப்படி விழுவது? ஆகவே ஐந்தரை மணிக்கே அவரை முக்காலியில் உட்காரவைத்துவிட வேண்டும். முக்கியமாக, அவர் எழுந்து நிற்க அவசரப்படக் கூடாது. இப்படி ஒரு மாதம்.

மைக்கேல்சாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. “விழுகவா சொல்றீங்க, டாக்டரய்யா?”

“ஆமாம். உங்கள் கால் இந்த வீட்டுக்குப் பெரிய உபகாரம் செய்கிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் வீடு தாங்காது” என்றேன்.

வெளியே வந்ததும் உபதேசியார், நீங்கள் படித்துப் பட்டம் வாங்கியவர்தானே என்று மரியாதையாகக் கேட்டார்.

பெரியோர்களே, ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டால் அது நம்முடையதல்ல, வாங்கியவருடையது. அதை நான் மறந்துவிட்டேன். அந்தக் குடும்பத்துக்கு மாலை ஆறு மணி என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஒருவர் சொல்ல மற்றவர் பதில் பேசாமல் கேட்பது என்றால் ஒரே ஒரு முறைதான் தெரியும். மூன்றாம் நாள் உபதேசியார் சைக்கிளில் மருந்தகத்துக்கே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

அவர் சொன்னது இது. ஆறு மணிக்குக் கோவில் மணி அடிக்கிறது. விளக்கேற்றுகிறார்கள். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே மண்டியிடுகிறார்கள். சண்டைக்கு ஜெபமாலையைத் தொடுவது பாவம் என்று, ஓர் ஓலைக் கொட்டானில் ஐம்பத்து மூன்று புளியங்கொட்டை எண்ணி வைத்திருக்கிறார்கள். ஒரு கொட்டைக்கு ஒரு குறை. ஒருநாள் மாமியார் முதலடி, மறுநாள் மருமகள் முதலடி. “கல்யாணத்தன்னிக்கி எங்க அண்ணனுக்கு எலை போடாதவளே” என்று ராகம் போட்டு முதலடி சொன்னால், மற்றவர் “கேட்டுக்கிட்டோம்” என்று பதிலடி. அடுத்த கொட்டை. “வெந்த பருப்ப வேகலன்னு சொன்னவங்களே”, “கேட்டுக்கிட்டோம்”. பக்கத்து வீடுகளில் யாரோ சண்டைக்கு நவநாள் எடுக்கிறார்கள் என்று பேச்சாகிவிட்டது. ஆமாம், என் ஒரு மாதத்தை அவர்கள் நவநாளாக, ஒன்பது நாள் வேண்டுதலாக, மாற்றிவிட்டார்கள். ஒன்பதாம் நாள், சந்தியாகு வண்டி கட்டி வரும் ஞாயிறு.

“கோவில்ல கேட்டா நான் என்னங்க சொல்றது?” என்றார் உபதேசியார்.

நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. சீட்டைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். போகத்தான் தைரியம் வரவில்லை. சில நல்ல காரியங்கள் கோழைத்தனத்தாலும் நடந்துவிடுகின்றன.

உபதேசியார் மட்டும் தினமும் போய்ப் பார்த்தார். கண்டிக்கத்தான் போனார். ஆனால் நாற்பது வருடம் ஜெபம் சொல்லிக் கொடுத்த மனிதர் அல்லவா? ஐந்தாம் நாள், குறைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துச் சொன்னால் மூச்சு வாங்காது என்று திருத்திவிட்டு வந்தார்.

மைக்கேல்சாமியின் சேதி இது. முதல் நாள் ஒழுங்காக விழுந்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் தாமதம். நாலாம் நாள் மருமகள் முதலடியை நிறுத்தி, “இன்னும் விழுகலையே, டாக்டர் எழுதியிருக்காரே” என்று நினைவூட்டிய பிறகு விழுந்தார். ஆறாம் நாள், இன்றைக்கு வரவில்லை, நாளைக்குச் சேர்த்து விழுகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் போனேன். வாசலில் சந்தியாகுவின் வண்டி நின்றது. மாட்டை அவிழ்க்கவில்லை. அவர் கையில் சாட்டையோடு உள்ளே நின்றார். கூடத்து மூலையில் அடைக்கலமேரியின் தகரப்பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. மைக்கேல்சாமி முக்காலியில் உட்கார்ந்திருந்தார், பெட்டியைப் பார்த்தபடி. ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று உபதேசியார் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் கிளம்புவோம் என்றார் சந்தியாகு.

மணி அடித்தது. மாமியார் முறை. பத்துக் குறை போயிற்று. இருபது போயிற்று. குரலில் பழைய காரம் இல்லை. எட்டு நாளாகச் சொல்லிச் சொல்லிச் சரக்குத் தீர்ந்துவிட்டது. சொன்னதைச் சொல்லக் கூடாது என்பது என் கட்டளை. முப்பத்தெட்டாவது கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாள் தவித்தார். பிறகு மருமகளிடமே மெல்லக் கேட்டார்.

“இன்னும் என்னத்தடி சொல்லுவேன் ஒன்னய?”

அடைக்கலமேரி யோசித்தாள். “போன மாசம் கோழிக்கூட்டச் சாத்தாம விட்டேன்ல அத்தை. அத நீங்க சொல்லவே இல்ல.”

“ஆமா, கீரிப்புள்ள வந்துச்சு” என்று அம்மாள் நன்றியோடு கொட்டையைப் போட்டார்.

அதன்பின் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் சொல்லி, இருவரும் சேர்ந்து அந்தச் சண்டையை இழுத்துக்கொண்டு போனார்கள். சந்தியாகு வாயைத் திறந்தபடி நின்றார். ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. கடைசிக் கொட்டை. எடுத்துக் கொடுக்க மருமகளிடமும் ஒன்றுமில்லை. அம்மாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், கட்டிய பெட்டியைப் பார்த்தார், பிறகு முக்காலியைப் பார்த்தார்.

“நாங்க ரெண்டு பேரும் இம்புட்டுப் பேசுறோம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ வாயத் தொறந்தியாடா? கொற ஒன்மேலதான்டா, மைக்கேலு.”

கொட்டை கொட்டானில் விழுந்தது. அடைக்கலமேரி கண்ணை மூடிக்கொண்டு, ஒன்பது நாளில் இல்லாத அழுத்தத்தோடு, “கேட்டுக்கிட்டோம்” என்றாள்.

மைக்கேல்சாமியின் முகம் சிவந்தது. “எதக் கேட்டுக்கிறது?” என்றார். அப்படிச் சொன்னபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நின்றதை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம். இரண்டு எட்டு நடந்தார், இரண்டு பெண்களுக்கும் நடுவில் வந்து நின்றார்.

“ஆத்தா, அவ செஞ்சதுல குத்தமிருந்தா எங்கிட்டச் சொல்லு. மேரி, ஆத்தாளப் பத்தி நீயும் எங்கிட்டச் சொல்லு. ஒருத்தருக்குப் பிடிச்சாப்புல சொல்லுவேன், ஒருத்தருக்குப் பிடிக்காது. கோவிச்சுக்கங்க. அழுங்க. நான் விழுக மாட்டேன்.”

இந்த இடத்தில் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். நான் பயந்துவிட்டேன். கையிலிருந்த நோட்டுப்புத்தகத்தைக் காட்டி, “ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறேன், இது சீட்டுக்கு விரோதம், தயவுசெய்து உட்காருங்கள்” என்றேன். சிரிக்காதீர்கள். குணமாகிறவனை அவசரப்படாதே என்று தடுப்பதையும் சஞ்சிகைக்காரர்கள் ஒரு வைத்திய முறை என்றே எழுதியிருக்கிறார்கள். என்னுடையது முறையல்ல, நடுக்கம்.

மைக்கேல்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டாக்டரய்யா, ஒங்க காலுல்ல நடுங்குது. நீங்க உக்காருங்க” என்று தாம் உட்கார்ந்திருந்த முக்காலியை எடுத்துவந்து எனக்குப் போட்டார்.

உட்கார்ந்தேன். வேறு வழியில்லை.

சந்தியாகு சாட்டையைச் சுவரில் சாய்த்தார். மாப்பிள்ளையின் கால்களை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார், மாடு வாங்குகிறவர் பார்ப்பதைப் போல. பிறகு அடைக்கலமேரியிடம், “பெட்டியப் பிரி ஆத்தா” என்றார்.

மறுநாள் காலை உழவு தொடங்கியது. வாரம் பத்து நாள் பிந்திய விதைப்பு. விளைச்சல் சுமார்தான். இப்போதும் அந்த வீட்டில் சண்டை உண்டு என்று உபதேசியார் சொல்கிறார். மைக்கேல்சாமி தீர்ப்புச் சொல்கிறார், பெரும்பாலும் தவறாக. அதனால் இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டு அவரோடு சண்டை போடுகிறார்கள். இந்தக் கதையை இங்கே சொல்ல அனுமதி கேட்டு எழுதினேன். சொல்லுங்கள், ஆனால் குறை எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள் என்று பதில் வந்தது. ஆறு ஏழுதான் சொல்லியிருக்கிறேன்.

அன்பார்ந்த பெருமக்களே! குணமாக்கியது என் சீட்டா? அவர்களுடைய ஆறு மணியா? வாசலில் நின்ற வண்டியா? ஒன்பது வருடமாக எண்ணிப் பார்க்கிறேன், தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டால் உலகம் முழுவதும் ஒரே குரலில் எழுந்திரு என்கிறது. உறவு சொல்கிறது, ஊர் சொல்கிறது, மருத்துவம் சொல்கிறது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் விழுந்ததால் இந்த வீட்டில் எது விழாமல் நிற்கிறது என்று கேட்டதுண்டா? பேசாத பிள்ளை எந்தப் பேச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது? சாப்பிடாத பெண் யாருடைய பசியைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்? உறங்காத கிழவர் எதற்குக் காவல் இருக்கிறார்? கேளுங்கள்! கடிந்துகொள்ளுமுன் கேளுங்கள்! கயிறு போட்டுக் கட்டுமுன் கேளுங்கள்! கோடாங்கியைக் கூப்பிடுமுன், என்னைப் போன்ற டாக்டரைக் கூப்பிடுமுன், கேளுங்கள்! அவருடைய பாரம் எது என்று தெரிந்தால், அதில் ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். மற்றதை அவர் கால் பார்த்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்று சொல்லி அமர்கிறேன். அன்று சந்தியாகு வண்டியில் ஏறியபோது, ஜெபமாலையம்மாள் உள்ளே போய் ஒரு சிறு மூட்டையோடு வெளியே வந்தார். எங்கே என்று மகன் கேட்டார். “வண்டி வெறுமனே போக வேணாம். நான் போயிச் சம்மந்தியம்மாளப் பாத்துட்டு, பத்து நாளு இருந்துட்டு வாரேன். நீங்க ரெண்டு பேரும் வெதைங்க” என்றார். மருமகளைக் கூட்டிப் போக வந்த வண்டி மாமியாரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அடைக்கலமேரி வாசல்வரை ஓடிவந்து, “மருந்த எடுத்துக்கிட்டீங்களா அத்தை?” என்று கேட்டாள். அம்மாள் திரும்பிப் பார்க்காமல், “கேட்டுக்கிட்டேன்” என்றார்.

என் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட உங்கள் செவிகளுக்கும், மேடையில் எனக்கு இடம் தந்த வாசகசாலைக்கும், தம் பூட்டைத் திறந்து காட்டிய தலைவர் அவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் இல்லங்களில் நல்ல சண்டைகள் நடக்கட்டும். வணக்கம்.